துளசிமணி தேர்ந்தெடுத்த ஆள்

வெள்ளமடை பழைய சந்தை வீதியில் 14/3 என்று எண் போட்ட வீட்டு வாசலுக்கு, ஒரு வியாழக்கிழமை காலை, பால்காரர் போன பிறகு, குப்பை வண்டி வருவதற்கு முன்னால், முதுகில் ஆள் உயர வாள் கட்டிய ஒருவன், தோளில் வில் மாட்டிய ஒருத்தி, தாடி நுனியில் தீப்பொறி மினுங்குகிற மந்திரக்காரக் கிழவன், வெள்ளை அங்கி போட்ட வைத்தியச்சி, செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்ட திருடன் என்று ஐந்து பேர் வந்து நின்று, "நா. துளசிமணி, கணவர் பெயர் நாச்சிமுத்து, வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார்கள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த துளசிமணி வாளியைக் கீழே வைத்தாள்.

"நான்தானுங்க. உள்ள வாங்க. காபி குடிப்பீங்களா?"

தப்பு அவளுடையதுதான். அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருப்பவள் அவள். வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் பணம், பட்டா மாறுதல் என்று ஊருக்கே படிவம் நிரப்பித் தருகிறவள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனு திரும்பி வரும் என்று ஒன்றரை வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்தவள். அந்த வாரம் அரசாங்க சர்வர் மூன்று நாள் படுத்துக்கொண்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் திரையில் வந்த எதையோ தட்டினாள். 'ஏழு கோட்டை' என்று ஒரு விளையாட்டு திறந்தது. உலகம் முழுக்க ஆட்கள் கூடி ஆடுகிற விளையாட்டு, அரக்கனைக் கொல்வது, கோட்டையைப் பிடிப்பது. அது கேட்டது பெயர் மட்டும்தான். இத்தனை பெரிய கம்பெனிக்காரன் முகவரி கேட்க மறந்துவிட்டான் பாவம் என்று, அந்த ஒற்றைக் கட்டத்திலேயே இனிஷியல், கணவர் பெயர், கதவு எண், வீதி, ஊர், பின்கோடு வரைக்கும் நெருக்கி அடித்தாள். உடனே ஒரு கல்மேடை வந்தது. மேடையில், தலைக்கு மேல் 'முதல் படி' என்ற எழுத்தோடு, ஐந்து பேர் நின்றார்கள். உங்கள் முதல் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கவும், முப்பது நாள் அவகாசம், எடுத்தபின் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தது. நாற்பத்தாறு வயதில், உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்ட முதல் படிவம் அதுதான். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. அவர்கள் முகவரியைப் பார்த்து வந்துவிட்டார்கள். இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

காபி குடித்து முடித்ததும் மந்திரக்காரக் கிழவன் விஷயத்தைச் சொன்னான். இந்த ஐந்து பேரில் ஒருத்தரை அவள் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். எடுத்த ஆள் அவளுக்குள் போய்விடுவார், அவருடைய வித்தை அவளுக்கு வந்துவிடும், சாகிறவரைக்கும் போகாது. மற்ற நாலு பேரும் கிளம்பிவிடுவார்கள். முப்பது நாள் கெடு.

"அதுவரைக்கும் எங்க இருப்பீங்க?" என்றாள்.

"இந்த முகவரியிலதாங்க."

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் பெயர் கேட்டார்கள், பெயர் கிடையாது என்றதும் தொழிலையே பெயராக வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் நீங்க எந்தக் கூட்டமுங்க, என்ன குலமுங்க என்று கேட்டார்கள். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நாங்க முதல் படிங்க என்றார்கள். முதல் படியா, கேள்விப்பட்டதில்லையே, கெழக்கத்திக்காரங்களா இருக்கும் என்று சொல்லி அதோடு விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் வேலை கொடுத்தார்கள்.

வாள்காரன் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலும் மற்ற நாட்களில் வாழைத்தோப்பிலும் நின்றான். ஒரு வீச்சுக்கு ஒரு வரிசை சாய்ந்தது. மாரியம்மன் பொங்கல் நெருங்கியதும் இன்ஸ்பெக்டர் வந்து, திருவிழா முடிகிறவரை ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும் என்றார். அவன் மறுபேச்சில்லாமல் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு அரிவாளோடு தோப்புக்குப் போனான். வில்காரி தரையில் நின்றபடியே தேங்காய்க் குலைகளை இறக்கினாள். மரமேறிகள் சண்டைக்கு வந்தபோது, சரி, அறுபதடிக்கு மேல் உள்ள மரம் மட்டும் எனக்கு என்று ஒத்துக்கொண்டாள். மந்திரக்காரக் கிழவன் டீக்கடை பாய்லருக்குக் கீழே உட்கார்ந்து தாடியை நீட்டிவிட்டான். கடைக்காரர் அதற்குப்பிறகு சிலிண்டருக்குச் சொல்லவே இல்லை. மழை நாளில் பெண்கள் மிளகாயும் வடகமும் கொண்டுவந்து அவனைச் சுற்றிப் பரப்பினார்கள், அவன் தும்மாமல் உட்கார்ந்திருந்தான்.

வைத்தியச்சியிடம்தான் கூட்டம். அவள் கை பட்டால் வலி போனது. அரை நாளைக்குத்தான். முதல் படி வைத்தியம், எலும்பு ஒட்டாது, புண் ஆறாது, வலியை மட்டும் காலையில் எடுத்தால் சாயங்காலம்வரை எட்ட நிற்கும். ஊருக்கு அது போதும். மூட்டு, இடுப்பு, கழுத்து, பல் என்று விடியும்போதே வீதிமுனைவரை வரிசை நின்றது. சாயங்காலம் அதே வரிசை மறுபடி நின்றது.

திருடனுக்கு மட்டும் யாரும் வேலை தரவில்லை. ஆனால் யார் வீட்டில் எது காணாமல் போயிருந்தாலும் அவனிடம் வந்து கேட்டார்கள். போன வாரத்துக் கோழி, போன வருஷத்து மோட்டார் ஒயர், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போன சைக்கிள்.

"அப்ப நான் இந்த ஊருக்கு வரலைங்களே" என்பான் மரியாதையாக.

"நீ வரலைன்னா உன்ற ஆளு எவனாச்சும் வந்திருப்பான்."

அவன் ஒன்றும் எடுக்கவில்லை. பகல் முழுக்கத் துளசிமணியின் மையத்தில், வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து போவதும் வருவதும் யாருக்கும் தெரியாது. பெஞ்சில் ஆள் இருக்கும், பார்த்தால் இருக்காது, மறுபடி பார்த்தால் இருக்கும். வாசல் கண்ணாடிக் கதவைக்கூட அசைக்காமல் போய்வருகிற அந்த நடையைத் துளசிமணி படிவங்களுக்கு நடுவே அடிக்கடி பார்த்துக்கொண்டாள். பதினைந்து வருஷம் ஒரு வீட்டுக்குள் நடந்தவளுக்கு அப்படி ஒரு நடை கண்ணில் படாமல் போகாது.

பதினைந்து வருஷம் என்றது கணக்குத்தான். மாமனார் படுக்கையில் நாலு வருஷம். கலியாணம் ஆகாத சின்ன மாமனார் ரெண்டு வருஷம். மாமியார் ஒன்பது வருஷம். புரட்டிப் படுக்கவைத்து, கழுவி, துடைத்து, கரைத்து ஊட்டி, மூன்று பேரையும் அவள் கையாலேயே வழியனுப்பி வைத்தாள். மாமியார் காரியம் முடிந்த நாற்பதாம் நாள் மையத்தின் ஷட்டரைத் தூக்கினாள். அந்தச் சத்தம் தனக்கு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஐந்து பேர் வந்த பன்னிரண்டாம் நாள், நாச்சிமுத்துவின் அக்கா பழனாத்தாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, ஆறு மாசமோ ஆயுசுக்குமோ படுக்கைதான் என்று சொல்லி அனுப்பினார்கள். பழனாத்தாளுக்கு மூன்று மகன்கள். மூன்று பேருக்கும் அதே ஊரில், ரெண்டு வீதி தள்ளி, மாடி வீடு. மூன்று மருமகள்களுக்கும் ஒரே நாளில் முதுகு பிடித்துக்கொண்டது. பழனாத்தாளையும் அவளுடைய கம்பிக் கட்டிலையும் குட்டியானை வண்டியில் ஏற்றி நேராக 14/3க்குக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார்கள். துளசிமணி மையத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது நங்கையாள் பழனாத்தாள் ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்தாள்.

"என்னைக் கேக்கலைங்களே" என்றாள் புருஷனிடம்.

"இதுல கேக்க என்ன இருக்குது? அக்காவுக்கு உன்ற கைதான் சரிப்படும். அந்த மையத்த மூடிரு. அது ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன."

மூத்த மகன் தங்கமுத்து கட்டிலின் திருகைச் சரி செய்துகொண்டே நிமிராமல் சொன்னான். "அத்தைக்குப் பழக்கமான வேலைதானுங்களே."

ஊருக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. துளசிமணி வைத்தியச்சியை எடுத்தால் அந்தக் கை இவள் கையாகிவிடும், சாகிறவரைக்கும் போகாது, பழனாத்தாளுக்குப் பார்க்கிறபோதே ஊருக்கும் பார்த்துவிடலாம், காலையில் ஒரு வரிசை, சாயங்காலம் ஒரு வரிசை. அதுவரை கிழவன் இல்லாவிட்டால் பாய்லர் என்னாவது என்று பேசிக்கொண்டிருந்த டீக்கடைக்காரரும், வில்காரிக்காக வாதாடிக்கொண்டிருந்த தோப்புக்காரர்களும், ஒரே நாளில் வைத்தியச்சி பக்கம் வந்துவிட்டார்கள். வார்டு மெம்பர் சாமியப்பன் பத்துப் பேரோடு மையத்துக்கே வந்தார்.

"இதுல யோசிக்க என்ன அம்மிணி இருக்குது? பொம்பளைக்கு ஏத்தது வைத்தியம். வாளத் தூக்கிக்கிட்டு நீ எங்க போகப்போற?"

"சந்தைக்குப் போவேனுங்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சாமியப்பன் சிரிக்கவில்லை.

"வெளையாடாத. ஊருக்கே புண்ணியம்."

"ஊருக்குப் புண்ணியம் சரிங்க. எனக்குங்க?"

"அதேதான் உனக்கும்."

"நான் பதினஞ்சு வருஷமா வாங்கி வெச்ச புண்ணியமே பரண்ல கெடக்குதுங்க. எறக்கித் தரட்டுங்களா?"

பெஞ்சின் ஓரத்தில் திருடன் தலையைக் குனிந்துகொண்டான். சாமியப்பன் அவனை முறைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தியச்சி குந்தியிருந்தாள். ரெண்டு கையையும் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டிருந்தாள். விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எடுத்த வலியெல்லாம் எங்க போகுது?" என்று துளசிமணி கேட்டாள்.

"எங்க போகும்? இங்கதான்" என்று கையைக் காட்டினாள் வைத்தியச்சி. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, எங்க விளையாட்டுல புதுசா வர்ற பொம்பளைங்ககிட்டல்லாம் என்னையத்தான் எடுக்கச் சொல்வாங்க. எடுத்தா என்ன தெரியுங்களா? வாள்காரன் முன்னால ஓடுவான். நான் அவன் முதுகப் பாத்துக்கிட்டே பின்னால ஓடணும். அவன் அடி வாங்குனா நான் தடவணும். ஏழு கோட்டைக்கும் போயிருக்கேன். எந்தக் கோட்டையும் நான் பாத்ததில்ல. முதுகுதான் தெரியும்."

துளசிமணி உள்ளே போய்க் கொஞ்சம் நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து அந்த விரல்களுக்குத் தடவினாள். தடவிக்கொண்டிருக்கும்போதே, இதையும் நான்தான் தடவுகிறேன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. தடவி முடித்தாள். கோபம் போகவில்லை.

இருபத்தொன்பதாம் நாளும் அவள் வாய் திறக்காததால், மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டுப் பார்ப்பது என்று ஊர் முடிவு செய்தது. வழக்கமாக ரெண்டு பொட்டலம்தான். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று, ஆத்தா முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது, எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. இந்தத் தடவை ஐந்து பேருக்கு ஐந்து பூ. வாளுக்கு அரளி, வில்லுக்குச் செவ்வந்தி, மந்திரத்துக்குச் செம்பருத்தி, திருடனுக்கு ஊமத்தை, வைத்தியத்துக்கு நந்தியாவட்டை. மடித்து, நூல் சுற்றி, பார்க்க ஒரே மாதிரியான ஐந்து வாழையிலைப் பொட்டலங்கள். முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை காலை, வீதியே கோயிலில் நின்றது. நாச்சிமுத்து புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றைத் தூக்கி விட்டார்கள், அது நடுப்பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை.

குலவை போட்டார்கள். ஒருவன் சேவாட்டு மேளம் அடிக்கச் சொன்னான். சாமியப்பன் கையைக் கூப்பி, "ஆத்தாளே சொல்லிட்டா அம்மிணி. இனி உன்ற வாயால பேரச் சொல்லு" என்றார்.

துளசிமணி ஆத்தாளைக் கும்பிட்டாள். பிறகு, ஒரு கட்டுப் படிவத்தைச் சரிபார்க்கிற மாதிரி, தட்டில் கிடந்த மற்ற நாலு பொட்டலங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தாள். ஒன்றைக்கூட விட்டுவைப்பது அவளுக்கு வழக்கமில்லை.

நந்தியாவட்டை. நந்தியாவட்டை. நந்தியாவட்டை. நந்தியாவட்டை.

குலவை நின்றது. பூசாரி சாமியப்பனைப் பார்த்தார். சாமியப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து புதுவேட்டியின் கரையைப் பார்த்தார். தங்கமுத்து போன் வந்தவன் போல வெளியே போனான்.

துளசிமணி திருடனிடம் திரும்பினாள். "உனக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"தெரியுங்க. மடிக்கறப்பவே பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"திருடன் சொன்னா யாருங்க நம்புவாங்க?" என்றான். "ஆனா ஒண்ணுங்க. இது என்ற தொழில்ல சேராதுங்க. இது ஏமாத்து. அதுக்குத் தனி ஆளு."

அவள் அப்போது சிரித்தாள். கோயிலில் நின்று அப்படி யாரும் சிரித்து வெள்ளமடை கேட்டதில்லை. சிரித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாக, மனு வாசிக்கிற குரலில் சொன்னாள்.

"திருடன். நான் திருடன எடுத்துக்கறேன்."

அவன் ஒரு நிமிஷம் நின்றான். அந்த ஊரில் அவனுக்கு யாரும் ஒரு டம்ளர் காபிகூடக் கையில் கொடுத்ததில்லை, அவளைத் தவிர. பிறகு, தன் வீட்டுக்குள் போகிற ஆள் போலச் சாதாரணமாக அவளை நோக்கி நடந்தான். நடந்தவன் அவள்வரை வந்தான், அதற்கப்புறம் அவன் இல்லை. துளசிமணியின் காலடியில் கொலுசுச் சத்தம் நின்றுபோனது. கொலுசு இருந்தது. சத்தம்தான் இல்லை.

மற்ற நாலு பேரும் பதினொன்று நாற்பது டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வாள்காரன் ரசீதைக் காட்டி ஸ்டேஷனில் வாளை வாங்கிக்கொண்டான். ஊர்க்காரர்கள் பஸ் படிவரை வந்து, போகவேண்டாம் என்று வைத்தியச்சியைக் கும்பிட்டுக் கேட்டார்கள். அவள் வீங்கிய கையை ஜன்னல் வழியாக ஆட்டிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து புதுவேட்டியை அவிழ்த்து எறிந்தார். "திருடனாமா, திருடன்! ஊர் முன்னால என்ற மானம் போச்சு!"

"போனா எடுத்தாந்து தர்றேனுங்க. இப்ப அதுதான என்ற வேலை?"

சனி, ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வெயில் நேர் மேலே நிற்கும்போது, டீக்கடையில் எட்டுப் பேரும் வீதியில் தக்காளி வண்டிக்காரனும் இருக்கும்போதே, பழனாத்தாள் கம்பிக் கட்டிலோடு முன்னறையிலிருந்து காணாமல் போனாள். பன்னிரண்டு ஐந்துக்கு அவள் தங்கமுத்து வீட்டு ஹாலில், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் படுத்திருந்தாள். நாலடி தள்ளி உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் விளம்பரம் வந்தபோதுதான் பார்த்தாள். கட்டில் விளிம்பில் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது.

"ஒரு துளி அலுங்கலை" என்றாள் பழனாத்தாள். "வண்டியில கொண்டுபோனப்ப என்ற உசுரே போச்சு."

நாலு பேர் வியர்க்க வியர்க்கத் தூக்கி, குட்டியானையில் ஏற்றி, திருப்பிக் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ரெண்டாவது மகன் வீட்டு மாடியில் இருந்தாள்; மாடிப்படி கட்டிலைவிடக் குறுகல். புதன்கிழமை மூன்றாவது மகன் பூஜை அறையில். பூட்டு மாற்றினார்கள், கிரில் கேட் போட்டார்கள், கேமரா வைத்தார்கள். கேமராவில் காலி வீதியும் ஒரு நாயும் தெரிந்தன, நாய் யாருக்கோ வாலாட்டியது. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பன்னிரண்டு மணி ஆனால் டீக்கடையில், இன்னைக்கு எந்த மவன் என்று பேசிக்கொண்டார்கள். பழனாத்தாள் காலையிலேயே தலையைச் சீவி, பூ வைத்துக்கொண்டு, தயாராகப் படுத்திருக்க ஆரம்பித்தாள். மூத்தவன் வீட்டில் காற்று நன்றாக வருகிறது என்றும், ரெண்டாவது மருமகளுக்குக் குழம்பில் புளி தெரியவில்லை என்றும் துளசிமணியிடம் சொல்லிவைத்தாள்.

ரெண்டாவது வாரம் தங்கமுத்துவும் சாமியப்பனும் மையத்துக்கு வந்தார்கள். ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது. பெஞ்சில் ஆள் இருந்தது.

"நீதான அம்மிணி?" என்றார் சாமியப்பன்.

"ஆமாங்க. நானேதான்."

"பட்டப்பகல்ல திருடறயே, வெக்கமா இல்ல?"

"ராத்திரியில எனக்குத் தூக்கம் வருதுங்க."

"போலீசுக்குப் போவோம். எழுதிக் குடுத்தா உள்ளதான் உக்காரணும், தெரியுமா?"

"தாராளமாப் போங்க. உக்காருங்க மாப்ள, நானே எழுதித் தர்றேன். இந்த ஊர்ல வேற யாரு எழுதறா?"

அவள் புது மனு ஒன்றைத் திறந்தாள். தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மனுதாரர் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், வீதி. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாகப் போட்டாள். பிரிண்டர் பக்கத்தை நீட்டியது. அவள் அதை எடுத்து, இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"திருடுபோனது: மனுதாரரின் தாயார் பழனாத்தாள், வயது எழுபது, கட்டிலுடன். எங்கிருந்து திருடுபோனது: தாயாரின் தம்பி வீட்டிலிருந்து. தற்போது எங்கே இருக்கிறார்: மனுதாரர் வீட்டில். மனுதாரர் கோருவது: தாயாரைத் தன் வீட்டிலிருந்து மீட்டு அப்புறப்படுத்தித் தர வேண்டும்." பேனாவைத் திறந்து நீட்டினாள். "எல்லாக் கட்டமும் போட்டாச்சு. ஒண்ணுதான் காலி. கையெழுத்துப் போடுங்க மாப்ள."

தங்கமுத்து பேனாவை வாங்கினான். காகிதத்தைப் பார்த்தான். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் அந்தப் பேனாவைப் பார்த்தார்கள். சாமியப்பன் தனக்கு யாரோ காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பேனா முனையில் மை காய்ந்தது. அவன் அதை மேஜைமேல் வைத்தான். வைத்துவிட்டும் எழுந்து போகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிங்க மாப்ள" என்றாள் துளசிமணி. "பின்னால ஆளு நிக்குது."